முன்வரிசைக்காரனின் கழுத்து

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கிளப்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், பெண் கேட்டு வருகிறவர்கள் மாதிரி தலையெல்லாம் வாரிக்கொண்டு. ஒருவர் தலைவர் ஹெத்வின். இன்னொருவன் கேப்டன் ரிடியன். கமிட்டிக்காரர்கள் என்னைத் தேடி வந்தால் ஒன்று சாப்பாட்டுக்காக இருக்கும், இல்லாவிட்டால் ஜெர்சி துவைக்க. இரண்டையும் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு உள்ளே வந்து, நனைந்த கோட்டைக் கழற்றி, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததுமே இது வேறு விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் கேட்டு வந்தது என் மகன் எம்லினை. நாற்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன், பள்ளத்தாக்கு முழுக்கச் சுவர் பூசுகிறவன். சனிக்கிழமை ஆட வருகிறாயா என்று முதலில் அவனிடம்தான் கேட்டிருக்கிறார்கள். அம்மாவைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, பூச்சு வாளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம். மீசை முளைத்த நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை கேட்டு எதையும் செய்யாதவன்.

ஹெத்வினை ஊரில் ரெண்டுதரம் ஹெத்வின் என்றுதான் சொல்வோம். எதையும் ஒரு தரம் சொன்னால் அவருக்குத் திருப்தி கிடையாது. நல்ல மனுஷன். கிளப் கூரை ஒழுகினால் இந்த வயதிலும் ஏணி வைத்து ஏறுகிறவர் அவர்தான். துக்கம் விசாரித்தாலும் இரண்டு தரம் விசாரிப்பார்.

விஷயம் இதுதான். எங்கள் கும்ஹெஸ்கன் ரக்பி கிளப் அந்த வருஷம் லீக்கின் அடியில் கிடந்தது. அது எங்களுக்குப் பழக்கம், யாரும் தூக்கம் இழக்கவில்லை. ஆனால் ஒரே சீசனில் மூன்று தடவை அணியை இறக்க முடியாமல் போனால் லீக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள். முதல் தடவை இலை உதிர்கிற சமயத்தில் நடந்தது. பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பாதி ஒரே கல்யாணத்தில். இரண்டாவது தடவை ஜனவரியில். அன்றைக்கு என் வீட்டுக்காரர் இட்வாலை அடக்கம் செய்தோம்.

வாரம் முழுக்க மண் உறைந்து கிடந்தது. சனிக்கிழமைக்கு முன்னால் கடப்பாரை இறங்காது என்று குழி வெட்டுகிறவன் சொல்லிவிட்டான். அதே சனிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கத்து பிளைன்ரித் கிளப்போடு எங்கள் மைதானத்தில் ஆட்டம். ஹெத்வின் அவர்களுடைய செயலாளருக்கு போன் செய்து, ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டார். இதென்ன கேள்வி, அடக்கத்துக்கு நாங்களும் வருகிறோம் என்றாராம் அவர். வந்தார்கள், கிளப் கோட்டும் கறுப்பு டையுமாக ஒரு பஸ் நிறைய. இட்வாலின் பெட்டியைத் தூக்கியவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். ஆடுகளத்தில் அவர் காதைக் கடித்தவன் ஒருத்தன்கூட அதில் இருந்தான், அழுதுகொண்டே தூக்கினான்.

ஆட்டக்காரன் ஒருத்தன் செத்தால் ஆட்டத்தைத் தள்ளிவைப்பது எங்கள் பக்கத்தில் எப்போதும் வாய்வார்த்தையாகவே நடக்கிற காரியம். லீக் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று இரண்டு கிளப்பிலும் ஒரு ஆத்மாவுக்குத் தோன்றவில்லை. அலுவலகம் பார்த்தது ஒன்றைத்தான்: ஆட்டம் இருக்க வேண்டிய நேரத்தில் மைதானத்தில் ஆள் இல்லை. மைதானம் யாருடையதோ, தப்பும் அவர்களுடையது. பிளைன்ரித்காரர்கள் எங்களுக்காகப் பரிந்து எழுதியும் பார்த்தார்கள். விதி விதிதான் என்று பதில் வந்தது.

ஆக, மிச்சமிருந்தது ஒரே ஒரு உயிர்.

ரக்பி பார்க்காதவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் தெரியாவிட்டால் குடி முழுகிவிடாது. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பிணைத்துக் குனிந்து, முட்டுகிற கிடாக்கள் மாதிரி ஒருவரையொருவர் தள்ளுவார்கள். அதற்கு ஸ்க்ரம் என்று பேர். அந்த எட்டில் முன்வரிசையில் நிற்கிற மூன்று பேர் கழுத்தில்தான் பதினாறு பேரின் பாரமும் இறங்கும். பழகாதவனை அங்கே நிறுத்தினால் கழுத்து ஒடியும். அதனால் பழகிய முன்வரிசைக்காரர்கள் மூன்று பேர் இல்லாமல் வந்தால் அணி வந்ததாகவே கணக்கில்லை. எங்களுடைய வலது பக்கத்துக்காரன் தன் மகளின் பிறந்தநாள் விருந்தில், குழந்தைகள் குதிக்கிற வலையில் ஏறித் தானும் குதித்துக் கணுக்காலை உடைத்துக்கொண்டான். அந்த இடத்துக்கு ஊரில் மீதமிருந்த ஒரே ஆள் எம்லின். அவன் கிறிஸ்துமஸோடு ஆட்டத்தை விட்டிருந்தான். முழங்கால் சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. கழுத்து. ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, எலும்புக்கு நடுவே இருக்க வேண்டிய மெத்தை இரண்டு இடத்தில் இல்லவே இல்லை என்று காட்டினார்களாம். இன்னொரு தடவை அங்கே நசுங்கினால் வலது கை திரும்பி வராது என்று டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார். இது அவனுக்கும் அவன் மனைவி டெலித்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். டெலித் என்னிடம் சொன்னதே அவனுக்குத் தெரியாமல்தான். பிறகு தெரிந்துபோய், வெளியே மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூரைப் பூச்சுக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்கியே வைத்திருக்க வேண்டும். பூசுகிறவன் கை மரத்துப்போகிறது என்று தெரிந்தால் எவன் கூப்பிடுவான்?

ஹெத்வின் எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. கிளப்பின் சரித்திரத்திலிருந்து ஆரம்பித்தார், ஏதோ நான் நேற்று ரயிலில் வந்து இறங்கியவள் மாதிரி. சுரங்கத்திலிருந்து ஏறி வந்த ஆட்கள் முகத்தில் கரி போகாமலே ஆடியது. மைதானத்துக்கு வேறு இடம் கிடைக்காமல் சரிவிலேயே கோடு போட்டு, முதல் பாதி இறக்கம், மறு பாதி ஏற்றம் என்று இன்றுவரை ஆடுவது. எழுபத்துநாலில் மாவட்டக் கோப்பையை வாங்கியது, அந்த அணியில் இட்வால் வலது பக்கத்தில் நின்றது. நாட்டுக்காக ஆடிய எங்கள் ஒரே ஆள், ஆடிய ஒரே ஆட்டத்தில் பாதியிலேயே தோள் எலும்பு முறிந்து வெளியே வந்தது. அவருடைய சிவப்பு ஜெர்சி கிளப் சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது, வெளியே வரும்போது அப்பியிருந்த சேற்றோடு.

ஹெத்வின் சொல்லாமல் விட்டதை நான் மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன். சுரங்க வேலைநிறுத்தம் நடந்த வருஷம் கிளப் அடுப்பில்தான் ஊருக்கே சோறு. ரிடியனின் அம்மா கைனர் அவனை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னோடு நின்று உருளைக்கிழங்கு உரிப்பாள், இருவருக்கும் விரல் தோல் உரிந்துவிடும். அதற்குச் சுவரில் ஒரு படமும் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. படம் எடுக்க யாருக்கு அப்போது தெம்பு இருந்தது?

கல்லில் திராட்சை ரொட்டி சுட்டுக்கொண்டே அவர் பேச்சைக் கேட்டேன். அவர்களும் சுடச்சுடத் தின்றுகொண்டே பேசினார்கள். கடைசியில் ஹெத்வின் விஷயத்துக்கு வந்தார்.

"ஒரே ஒரு சனிக்கிழமை, மெயின்வென். ஒரே ஒரு சனிக்கிழமை."

ரிடியன் வாயைத் துடைத்துக்கொண்டான். "அவர் தள்ளக்கூட வேணாம் ஆன்ட்டி. சும்மா வந்து நின்னா போதும். பாரத்தை நான் வாங்கிக்கிறேன்."

நான் முன்வரிசைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, முன்வரிசைக்காரனைப் பெற்றவள். பக்கத்தில் நிற்கிறவன் பாரத்தை யாரும் வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும், சொன்ன அவனுக்கும் தெரியும். இட்வாலுக்குக் கடைசிப் பத்து வருஷம் தலை திரும்பாது. யாராவது கூப்பிட்டால் அலமாரியை நகர்த்துகிற மாதிரி உடம்போடு திரும்புவார். காரைப் பின்னால் எடுக்க நான் இறங்கிப்போய்க் கை காட்ட வேண்டும். தூங்கும்போது தலையணையைச் சரிசெய்யச் சொல்லி எழுப்புவார். எழுபத்துநாலில் கோப்பையோடு எடுத்த படத்தில் இருக்கிற அந்தக் கழுத்தைப் பார்த்தால் வேறு யாருடையதோ என்று தோன்றும்.

வேண்டாம் என்றேன்.

அவர்கள் அதை எதிர்பார்க்கவில்லை. எம்லின் சொன்னது வேடிக்கைக்கு, அப்பா போன துக்கத்தில் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறான், அவ்வளவுதான் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். ஏன் என்று ரிடியன் கேட்டான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். வேறு என்ன சொல்வது? வாயில் பூட்டு, சாவி மகன் கையில்.

ஹெத்வின் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இட்வால் இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டார்."

"அவர் இருந்திருந்தா நீங்க அவர்கிட்ட கேட்டிருப்பீங்க. இல்லாததால என்கிட்ட கேக்குறீங்க. நான் வேணாங்கிறேன்."

அப்புறம்தான் அது வந்தது. அவர் நோகடிக்க நினைத்துச் சொல்லவில்லை, இன்றைக்கும் அதை நம்புகிறேன். "அந்தச் சனிக்கிழமை மட்டும் ஆடியிருந்தா இந்தக் கதியே இல்ல" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம் விடுமா? "அந்தச் சனிக்கிழமை மட்டும்..." என்று மறுபடி ஆரம்பித்தவர், அது எந்தச் சனிக்கிழமை என்று அவருக்கே உறைத்து, வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டார். ரிடியன் தன் ஷூவைப் பார்த்தான். கல்லில் இருந்த ரொட்டி கருகிவிட்டது, எடுத்துத் தனியாக வைத்தேன். இரண்டு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள். ஹெத்வின் வாசலில் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஒரு தரம்கூடச் சொல்ல முடியாமல் மழையில் இறங்கிவிட்டார்.

இருட்டுகிறதுக்கு முன்னால் எம்லின் வந்தான், முடியெல்லாம் சுண்ணாம்புத் தூள். அவர்கள் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தான். கருகிய ரொட்டிதான் மீதம் இருந்தது, அதை எடுத்துத் தின்றான்.

"என்ன சொன்னீங்க?"

"வேணாம்னேன்."

"காரணம்?"

"சொல்லல."

மென்றுகொண்டே பேசினான். அவர்கள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லத் தன்னால் ஆகாது, வா என்று இன்னொரு தடவை ரிடியன் கேட்டிருந்தால் போயிருப்பேன் என்றான். அது எனக்குத் தெரியாதா? ஆறு வயதிலிருந்து அந்த மைதானத்துச் சேற்றில் புரண்டவன். அதற்காகத்தான் என் தலையில் போட்டிருக்கிறான். கோபம் வந்தது. எழுந்து கத்தவும் தெம்பில்லை.

"ரிடியன் இனிமே என்கூடப் பேச மாட்டான்மா."

"உன்கூடப் பேசுவான். என்கூடத்தான் பேச மாட்டான்."

சனிக்கிழமை கடலோரத்து அணி பஸ்ஸில் வந்து இறங்கியது. எங்களிடம் முன்வரிசை இல்லை என்று ரிடியன் நடுவரிடம் போய்ச் சொன்னான். அவர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் லீக்கில் இருந்த கிளப் அந்த நிமிஷத்தோடு வெளியே. இடி ஒன்றும் விழவில்லை. மைதானத்து ஓரத்தில் ஒரு ஆடு புல் மேய்ந்துகொண்டிருந்தது, அதை யாரோ விரட்டினார்கள்.

வந்தவர்களை ஆடாமல் அனுப்புவது எங்களிடம் வழக்கமில்லை, சாப்பாடு வேறு அடுப்பில் இருந்தது. அதனால் தள்ளு இல்லாமல், சும்மா குனிந்து நிமிர்கிற ஸ்க்ரத்தோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடினார்கள். எம்லின் எல்லைக்கோட்டு ஓரம் நின்று, பந்து வெளியே போனால் அது யாருக்கு என்று கொடி காட்டினான். எங்கள் ஊர்க் கொடிக்காரன் எங்கள் ஊருக்குத்தான் கொடி தூக்குவான், அது ஊரறிந்த நியாயம். ஆனால் பந்து எங்கள் ஆள் காலில் பட்டு அந்தப் பக்கத்து வேலியில் போய் விழுந்ததற்கும் அவன் எங்களுக்கே கொடி காட்டியபோது, கடலோரத்துக் கிழவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி அவனிடம் நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆட்டம் முடிந்து கிளப் அடுப்படியில் இறைச்சி உருண்டையும் பட்டாணியும் போட்டுக் கொடுத்தேன். கைனர் மூட்டுவலி என்று வரவில்லை, தனியாகத்தான் நின்றேன். பரிமாறுகிற ஜன்னல் வழியாகத் தட்டுகள் போயின. வந்த அணிக்காரர்கள் ஒவ்வொருத்தரும் நன்றி சொன்னார்கள். எங்கள் ஆட்கள் தட்டை வாங்கிக்கொண்டு, பட்டாணியைப் பார்த்தபடியே நகர்ந்தார்கள். வாரா வாரம் கூட ஒரு உருண்டை வை என்று கெஞ்சுகிற தடியன் அன்றைக்குக் கெஞ்சவில்லை. வரிசைக்குப் பின்னால் யாரோ, குரலை ரொம்பவும் தாழ்த்தாமல், இட்வாலின் சாவு கிளப்பையும் கூடவே கூட்டிப்போய்விட்டது என்றான். யார் என்று எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் அம்மாவையும் எனக்குத் தெரிந்திருக்கும்.

அது எம்லின் காதில் விழுந்தது. கொடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அடுப்படிக்குள் வந்தான். ஆண்கள் யாரும் அங்கே நுழைவதில்லை, தடை ஒன்றும் இல்லை, நுழைந்தால் வேலை வரும் என்ற பயம்தான். துணியை எடுத்து நான் கழுவிய தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தான். தட்டை மார்போடு அணைத்து, இடது கையால் துடைத்து, இடது கையாலேயே அடுக்கினான். வலது கையைத் தொங்கவிட்டிருந்தான்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரிடியன் காலித் தட்டோடு நின்றான். தட்டைக் கொடுக்க வந்தவன் கொடுக்காமல் நின்றுகொண்டே இருந்தான். அவன் பார்வை எம்லினின் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. கொடியையும் இவன் இடது கையில்தான் பிடித்திருந்தான் என்பது அப்போது அவனுக்கு ஓடியிருக்க வேண்டும்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

எம்லின் என்னைப் பார்த்தான். நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி அவன் கையில்தானே.

"வலது" என்றான்.

"மரத்துப்போகுதா, இல்ல குத்துதா?"

"முதல்ல குத்திச்சு. இப்ப மரத்துப்போச்சு."

"முழங்கால்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. வியாழக்கிழமை என் மேசையில் உட்கார்ந்து கேட்டது என்ன என்பது இப்போதுதான் அவனுக்கு முழுசாகப் புரிகிறது என்று முகத்திலேயே தெரிந்தது. சாரி ஆன்ட்டி என்று வாய்க்குள் முணுமுணுத்தான். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. உண்மையில் அது எனக்கு வலித்துக்கொண்டுதான் இருந்தது. தட்டைக் கொடு என்று மட்டும் கை நீட்டினேன்.

கொடுத்தான். கொடுக்கும்போது தட்டு விளிம்பை அவன் பிடித்திருந்த விதத்தில் ஏதோ கோணலாக இருந்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டும்தான் பிடித்திருந்தன. சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் தட்டைத் தொடாமல், யாருடையதோ மாதிரி விறைத்து நின்றன. இட்வாலுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. டீ கோப்பையை அப்படிப் பிடித்தபோது நாங்கள் அவரைக் கேலி செய்தோம், மகாராணி மாதிரி குடிக்கிறார் என்று.

"உனக்கு எப்போலேர்ந்து?" என்று கேட்டேன்.

கையைச் சட்டென்று பைக்குள் விட்டுக்கொண்டான். ஒன்றும் இல்லை, குளிர் என்றான். எம்லின் துடைப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தான்.

"புது வருஷத்துலேர்ந்து" என்றான் ரிடியன் கடைசியில். "ரெண்டு விரல்தான் ஆன்ட்டி. சூடு தண்ணில வெச்சா சரியாயிடுது."

"டாக்டர்கிட்ட போனியா?"

போகவில்லை. போனால் ஆட வேண்டாம் என்பார்கள், இவன் இல்லாவிட்டால் முன்வரிசை நடுவில் நிற்க ஆள் இல்லை, எல்லோரும் வந்து இவனிடம்தான் கேட்பார்கள், இவன் யாரைக் கேட்பது என்று அடுக்கிக்கொண்டே போனான். முப்பத்துமூன்று வயது. பேசுகிறதைக் கேட்டால் அறுபது மாதிரி இருந்தது. இப்போதுதான் லீக்கே இல்லையே, இனி எதற்கு மறைக்கிறாய் என்று எம்லின் கேட்டான். அடுத்த வாரம் பிளைன்ரித்தோடு நட்பு ஆட்டம் பேசியாகிவிட்டது, வலது பக்கத்துக்கு அவர்களே ஒரு ஆள் தருகிறார்களாம், தள்ளுகிற ஸ்க்ரம்தான் வேண்டும் என்கிறார்கள் என்றான் அவன். இந்தப் பிள்ளைகளை என்ன செய்வது?

"கைனருக்குத் தெரியுமா?"

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி."

எம்லின் தொண்டையைச் செருமினான். சிரிப்பா இருமலா தெரியவில்லை.

மறுபடியும் ஒரு பூட்டு. ஒருத்தனுக்காக வாயை மூடியதில் ஊர் முழுக்க எனக்கு முகம் திருப்பியாகிவிட்டது, இன்னொருத்தனுக்காகவும் மூடிக்கொண்டு திரிய எனக்கு வயதில்லை. அவனிடம் நான் சத்தியம் எதுவும் செய்யவும் இல்லை. மீதித் தட்டுகளை இரண்டு பேரையும் கழுவச் சொன்னேன், சுடு தண்ணீரிலேயே கையை வைத்துக்கொள் என்று ரிடியனிடம் சொன்னேன். உள்ளே வந்து எம்லின் பக்கத்தில் நின்றுகொண்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு நல்ல கை இருந்தது.

கைனர் வீடு மேல்தெருவின் கோடியில், தேவாலயத்தையும் தாண்டி. ஏற்றம். பகலிலேயே எனக்கு முழங்கால் விடாது. சமையல் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டேன். எங்கே போகிறீர்கள் என்று ரிடியன் கேட்டான். பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். திங்கட்கிழமை என்னோடு பேசாதவர்களில் அவனும் சேர்ந்துகொள்வான், சேரட்டும். வெளியே தூறல் விட்டபாடில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தேன்.